கரடி ஊரில் பதினெட்டாம் பெருக்கு

பனியாறு உருகி எப்படி ஏரியாகிறது என்று முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். கரும்பலகையில் மலை வரைந்து, அடியில் நீலச் சாக்பீஸால் ஏரியைத் தீட்டியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை. என் அக்கா சுமதி பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் தட்டுத் தடுமாறித் தேறியவள். அவள் வீட்டு வாசலில் காலையில் கார் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த ஏரிக்கரைக்குப் போய்விடலாம். இதை எங்கே போய்ச் சொல்வது?

குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் அக்காவைப் பெயர் சொல்லிப் பேசுகிறவர்கள் குறைவு. கொடுத்து வைத்தவள் என்றால் அவள்தான். கனடா மாப்பிள்ளை அமைந்தபோது அப்படிச் சொன்னார்கள். போன இடத்தில் மாமியார் இல்லை என்று தெரிந்தபோது மறுபடியும் சொன்னார்கள். மற்றவர்கள் சொல்லி ஓய்ந்த பிறகும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். வாய் அதைச் சொல்லும்போதெல்லாம் வயிறு எரியும்.

கயல்விழி எனக்கு ஒரே மகள். மேல்படிப்புக்கென்று கால்கரிக்குப் போய் அக்கா வீட்டில் தங்கினாள். படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது, அக்கா வீட்டு மாடி அறையை விட்டு அவள் பெட்டி மட்டும் நகரவில்லை. அக்காவுக்கு ஒரே பையன், அவனும் வேறு ஊரில் இருக்கிறான். கயல் பிறந்த சமயம் விடுமுறைக்கு வந்திருந்த அக்கா, தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இவள எனக்குக் குடுத்துடுடி" என்று விளையாட்டாகக் கேட்டாள். நானும் விளையாட்டாகத்தான், "எடுத்துக்க" என்றேன். விளையாட்டு வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் உடன் வரவில்லை. குறுவை நட்டிருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். ஆனால் எங்கள் வாய்க்கால் கடைமடை. அது வந்து சேரும்வரை போர்த் தண்ணீரை இறைத்துப் பயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கரண்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போட ஓடுகிற மனுஷரை எங்கே கூப்பிடுவது? திருச்சியில் என்னை விமானம் ஏற்றிவிட வந்தவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவ திரும்பி வருவாளா மாட்டாளான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

இரண்டு வாரம்தான் தங்குவதாகப் பயணம். நான் போய் இறங்கிய மறு வாரமே எல்லோருமாக மலை ஏரிக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு. மூன்று பகல், இரண்டு ராத்திரி. வீடு வாசல் உள்ளவர்கள் எதற்கு வெட்டவெளியில் போய்ப் படுக்க வேண்டும் என்று கேட்டேன். இங்கே கோடை என்றால் அதுதான், ஊரே அதைத்தான் செய்யும் என்றாள் கயல். அக்கா காலண்டரைப் பார்த்துவிட்டு, கடைசி நாள் பதினெட்டாம் பெருக்கு வருகிறது, ஏரியிலேயே கும்பிட்டுவிடலாம் என்றாள்.

முதல் நாள் காரில் என்னை முன் இருக்கையில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். விருந்தாளிக்கு மரியாதையாம். பின்னால் அக்காவும் கயலும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு குசுகுசுவென்று பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஊரில் இருந்தவரை பெரியம்மாவை வாங்க, போங்க என்றுதான் கயல் பேசுவாள். இப்போது நீ, வா, போ. அந்த நீ எனக்கு மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதையாக முன்னால் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே போனதில் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

காரின் தலைமேல் சாமான் வைக்க ஒரு பெட்டி இருந்தது. புளியோதரை கிளற என் கைக்குப் பழகிய மாதிரி ஒரு பெரிய அலுமினியக் குண்டான் வேண்டும் என்று நான் அடம்பிடித்து அதில் திணிக்க வைத்திருந்தேன். பெட்டி சரியாக மூடவில்லை போலிருக்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போது பட்டென்று திறந்துகொண்டு, அத்தானின் தலையணை பறந்தே போய்விட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு விழித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, தலையணையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்திலும் யாராவது நிறுத்தி எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் எந்த ஊர், யார் வீடு, இந்த வெயிலில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டு முடிக்காமல் தலையணை நம் கைக்கு வராது. அக்கா குண்டானைப் பார்த்தாள், பெட்டியை அழுத்தி மூடினாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏரியைப் பார்த்தவுடன் என் சாக்பீஸ் நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது. அந்த நீலம் எந்தச் சாக்பீஸ் பெட்டியிலும் இல்லை. சுற்றிலும் மலை, உச்சியில் பனி, கீழே விளிம்பு தளும்பத் தண்ணீர். எல்லோரும் ஆஹா என்றார்கள். நான் மதகு எங்கே என்று தேடினேன். மதகும் இல்லை, வாய்க்காலும் இல்லை. அத்தனை தண்ணீரும் யாருக்கும் வேண்டாமல் சும்மா கிடந்தது. முறை வைத்துத் தண்ணீர் விடுவதும், ராத்திரி போய் அடுத்தவன் மடையை அடைக்கிறானா என்று காவல் இருப்பதும் அந்த ஊருக்குத் தெரியாது. எத்தனை மா நிலம் பாயும் என்று மனசு தன்னால் கணக்குப் போட்டது. அன்றைக்குக் காலையில்தான் இவர் போனில், வாய்க்காலில் ஆடு மேய்கிறது என்று சொல்லியிருந்தார். எனக்கு அழுகை வரும்போல் ஆயிற்று. மலையைப் பார்த்து நான் உருகிவிட்டதாக நினைத்து அக்கா என் தோளில் கை போட்டாள்.

அந்த இடத்தில் எழுதிவைத்த சட்டம் ஒன்று உண்டு. தின்கிற பொருள் எதையும் வெளியே வைக்கக்கூடாது. வாசனை உள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் கரடியால் திறக்க முடியாத ஓர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பருப்புப்பொடி, ஊறுகாய், என் தேங்காய் எண்ணெய் எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. பல் தேய்க்கிற பேஸ்ட்டைக்கூட அக்கா பிடுங்கிக்கொண்டாள். எங்கள் ஊரில் திருடனுக்குப் பயந்துகூட யாரும் பேஸ்ட்டைப் பூட்டி வைத்ததில்லை.

இரண்டாம் நாள் படகு. மரத்தைக் குடைந்த மாதிரி ஒல்லியாக, நீளமாக இருந்தது. முன்னால் கயலும் பின்னால் அக்காவும் துடுப்புப் போட்டார்கள். நடுவில் நெல் மூட்டை மாதிரி நான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே ஒரே நேரத்தில் துடுப்பை எடுத்து ஒரே நேரத்தில் போட்டார்கள். எத்தனை கோடை சேர்ந்து போட்டால் அந்தப் பழக்கம் வரும் என்று எனக்குப் புரிந்தது, புரிந்ததால் பொறுக்க முடியவில்லை. நானும் போடுவேன் என்று அக்காவிடமிருந்து துடுப்பைப் பிடுங்கினேன். படகு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. பிறகு எங்கேயோ கிளம்பிப்போய், பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் கால் நனைத்துக்கொண்டிருந்த பாறை இடுக்கில் சொருகிக்கொண்டது.

அவர்கள் பஞ்சாபிக் குடும்பம். தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிவிட்டார். போக விடாமல் கரைக்குக் கூப்பிட்டு, முள்ளங்கி வைத்த ரொட்டியும் தயிரும் கொடுத்தார்கள். அந்தத் தயிருக்காகவே இன்னொரு தடவை படகை அங்கே மோதலாம். பெரியவர் இந்தியில் கேட்டதை அக்காதான் எனக்குச் சொன்னாள். ஊரில் நிலம் உண்டா, என்ன பயிர், தண்ணீர் எப்படி என்று கேட்கிறாராம். வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது என்றேன். அவர் ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவையும் வெறுமனே பார்க்கிறதுக்கு வைத்திருக்கிறார்களே" என்றார். வந்ததிலிருந்து என் மனசை அறிந்து பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும் இடத்துக்கு அக்காவும் கயலும் போயிருந்தார்கள். குண்டானை அவர்கள் சரியாகத் தேய்க்க மாட்டார்கள் என்று நானும் பின்னால் போனேன். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் கயலின் குரல் கேட்டது. "நீ எதுவும் சொல்லிடாத பெரியம்மா. அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்." அக்காவிடமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன். சொல்ல வேண்டியது என்னவாக இருந்தால் என்ன, அது முதலில் அக்காவிடம் போயிருக்கிறது. என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைச் சுமதி மடியில் கட்டி வைத்திருக்கிறாள். கேட்டுவிட்டு வா என்று இவர் சொன்ன ஒரு வார்த்தையைக் கயலிடம் கேட்காமலே விட்டேன். கேட்டால் அக்காவுக்குத் தெரிந்த பதிலைத்தானே எனக்கும் சொல்லப்போகிறாள். இரவு சாப்பாட்டுக்கு அக்கா சுட்டுப் போட்ட தோசையில் உப்புக் கூடிவிட்டது என்றேன். கூடவில்லை.

மூன்றாம் நாள் காலை அடுப்பு மூட்டி புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று கிளறினோம். ஊரில் அந்நேரம் பெருக்கு முடிந்து பொழுது சாய்ந்திருக்கும். ஏரிக்கரையில் ஒரு பாறையைக் கழுவி மஞ்சளில் பிள்ளையார் பிடித்தாள் அக்கா. எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை. காவேரி மசக்கைக்காரி, அவளுக்கு வாய்க்கு ருசியாகச் செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இந்த ஏரிக்கு என்ன மசக்கை? வயிறு நிறைய வைத்துக்கொண்டு ஒரு சொட்டு யாருக்கும் தராதவளுக்கு எதற்குக் காப்பரிசி? இதைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். "தண்ணிதானேடி. எங்க இருந்தா என்ன" என்றாள். பச்சரிசியும் வெல்லமும் எள்ளும் கலந்த காப்பரிசியை இலைக்குப் பதில் ஒரு தட்டில் வைத்துப் படைத்தோம்.

மஞ்சள் கயிற்றை அக்கா என் கையில் கொடுத்தாள். இத்தனை வருடம் கயலுக்கு நான்தான் கட்டினேன், இந்த வருடம் நீ கட்டு என்றாள். பெருந்தன்மையாம். கயல் கையை நீட்டினாள். மணிக்கட்டில் வெளுத்துப்போய் இன்னொரு கயிறு கிடந்தது, போன பெருக்குக்கு அக்கா கட்டியது. என்ன முடிச்சுப் போட்டாளோ, ஒரு வருடமாக அவிழவில்லை. நான் அதற்குப் பக்கத்திலேயே என் கயிற்றைக் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டேன். "வலிக்குதும்மா" என்றாள் கயல்.

படைத்த காப்பரிசியைத் திரும்ப எடுத்து டப்பாவில் அடைக்கப் போனாள் அக்கா. இங்கே ஒரு பருக்கை விடக்கூடாது என்றாள். தண்ணீருக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுப்பது எந்த ஊர் வழக்கம்? அவர்கள் அடுப்படிக்குத் திரும்பியதும் நான் டப்பாவைத் திறந்து இரண்டு கை அள்ளிக் கரையோரம் தூவினேன். ஏரிக்காகத் தூவவில்லை. அங்கே சாமிக்குக்கூட அக்கா சொன்னபடிதான் நடக்க வேண்டுமா என்கிற ஆத்திரத்தில் தூவினேன்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது பூங்காக் காவலர் வந்தார். இளவயதுப் பெண், அகலத் தொப்பி, இடுப்பில் கரடியை விரட்டும் மருந்துக் குப்பி. கரையில் அரிசி கிடக்கிறது, யார் போட்டது என்று பொறுமையாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் போய், தான்தான் போட்டதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னாள். காவலர் கயல் பக்கம் திரும்பினார். இத்தனை காலம் இங்கே இருக்கிறவர்களே இப்படிச் செய்யலாமா, உன் அம்மாவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்றார். கயல் மறுக்கவில்லை. சொல்கிறேன் என்று தலையாட்டினாள்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மாடி அறையைக் கொடுத்தாள், சரி. படகு விடக் கற்றுக்கொடுத்தாள், சரி. நான் செய்த தப்பையும் எடுத்துக்கொண்டு, அதோடு அம்மா என்கிற பேரையும் எடுத்துக்கொண்டு போகிறாளே. விறுவிறுவென்று நடந்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றேன். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் முழுவதையும் திரட்டிக்கொண்டு, "நான்தான் அம்மா. நான்தான் போட்டேன். இவள் என் அக்கா, இவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை" என்றேன்.

காவலர் ஒருமுறை எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு எனக்கே நேராகச் சொன்னார். மனுஷர்கள் சாப்பாட்டை ஒரு தடவை தின்றுவிட்டால் கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டிவரும், இத்தனை கட்டுப்பாடும் கரடிக்காகத்தான் என்றார். ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்று எங்களுக்கும் தெரியும், அதற்காகப் பூனையைச் சுடுவார்கள் என்று தெரியாது. ஒன்று விடாமல் பொறுக்கிவிடுகிறேன் என்றேன். இந்தத் தடவை எச்சரிக்கை மட்டும்தான் என்று சொல்லிவிட்டு, "நன்றி, அம்மா" என்று என்னைப் பார்த்துத் தலையசைத்துப் போனார். திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு திருப்தியாக நான் எங்கேயும் நின்றதில்லை.

கூழாங்கல்லுக்கு நடுவில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். கயல் வந்து பக்கத்தில் குந்தினாள்.

"ஏம்மா அப்படி வந்து நின்ன?"

"அவ உங்க அம்மான்னு சொல்றாங்க, நீ தலையாட்டறியே."

"பெரியம்மான்னா அவங்களுக்குப் புரியாது. ஆன்ட்டின்னு சொன்னா யாரோ மாதிரி இருக்கும். அதான் இங்க யார் கேட்டாலும் அம்மான்னே விட்டுடறது." அரிசியைக் கல்லிலிருந்து சுரண்டினாள். அப்புறம் சொன்னாள். கிழக்கே கடலோரம் ஹாலிஃபாக்ஸ் என்று ஓர் ஊர், கால்கரியிலிருந்து விமானத்தில் போனாலே அரை நாள் ஆகும். அங்கே வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறாள்.

"அப்ப ஊருக்கு?"

"இப்ப வரலம்மா. எப்பன்னும் தெரியல. பொய் சொல்ல விரும்பல."

இவர் கேட்டுவரச் சொன்னதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கையில் இருந்த அரிசி கீழே கொட்டியது, மறுபடியும் பொறுக்கினேன். "இத ஏன் அவகிட்ட மொதல்ல சொன்ன?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பெரியம்மாகிட்ட சொல்லிப் பழகிக்கலாம்னு பாத்தேன். அது ரெண்டு நாளா அழுவுது. அதுக்கே இப்படின்னா நீ என்ன ஆவியோன்னு பயமாயிடுச்சு."

நான் அழுதேன். ஆனால் அழுகைக்கு அடியில் ஓரமாக ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டு மாடி அறையும் காலியாகப் போகிறது. எனக்கு இல்லை என்று ஆனது அவளுக்கும் இல்லை. கூடப் பிறந்தவளைப் பற்றி இப்படியா நினைப்பார்கள் என்றால், கூடப் பிறந்தவளைப் பற்றித்தான் இப்படி நினைக்க வரும். கயல் என் மூக்கைத் தன் முந்தானை இல்லாத சட்டையின் நுனியால் துடைத்துவிட்டாள். சின்னதில் நான் அவளுக்குத் துடைத்த அதே முரட்டுத் துடைப்பு. அதை அக்கா கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

அக்கா டப்பாவோடு வந்து எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. "எள்ளு ஒண்ணுகூட விடாதீங்க. கரடிக்கு எள்ளுன்னா உசுரு" என்றாள். மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம்.

திரும்பும்போது முன் இருக்கை மரியாதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்னால் கயல் நடுவில், ஆளுக்கொரு பக்கம் நாங்கள். ஏரியில் போனுக்குச் சிக்னல் கிடையாது. மலை இறங்கி முதல் பெட்ரோல் பங்க் வந்ததும் என் போன் அடுக்கடுக்காக மணி அடித்தது. இவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்.

எங்கள் வாய்க்கால். வெடித்துக் கிடந்த தரையில் செம்மண் நிறத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு, சருகையும் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆடுகள் கரையேறின. படம் குலுங்கியது, அவரும் ஓடியிருக்கிறார். "பெருக்கு அன்னிக்கே காவேரி வந்துட்டா பாரு. கயலுகிட்டயும் காட்டு" என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

அக்கா குறுக்கே கையை நீட்டிப் போனை வாங்கினாள். முடிந்ததும் மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். மூன்றாவது தடவை படத்தைப் பார்க்கவில்லை, போனைக் காதோடு வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனிமலை, தேவதாரு மரம் எல்லாம் போய்க்கொண்டிருந்தன, அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ நாளைக்கழிச்சு அங்க போயி கால வப்ப" என்றாள். "உனக்கென்னடி, குடுத்து வச்சவ."

கயல் என்னைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் வெகுதூரம் இருந்தது. இவருக்குப் பதில் அனுப்ப வேண்டும், அவர் கேட்டதற்கும் ஏதாவது சொல்ல வேண்டும், போனைக் கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொஞ்சம் வயிறு எரியட்டும் என்று அவள் கையிலேயே விட்டுவிட்டேன்.